வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு 25,000 ரூபாயில் ரோடு பைக்

வணக்கம் நண்பரே. ஒரு வழி 14 கி.மீ., கையில் 25,000 ரூபாய், ரோடு பைக்குக்கு, அதாவது சாலையில் வேகமாக ஓட்டும் மெல்லிய டயர் சைக்கிளுக்கு, கியர் எத்தனை வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். கியரை விடுங்கள். நம் பாதையில் மேம்பாலங்களைத் தவிர ஏற்றமே கிடையாது; ஏழு கியர் தாராளம்.

பார்க்க வேண்டியது டயர். பந்தய சைக்கிள் ஆசையில் நான் முதலில் வாங்கியது 23 மி.மீ. அகல டயர். முதல் மாதமே மூன்று பஞ்சர். 28 மி.மீ.க்குக் குறையாமல், முடிந்தால் 32 போடச் சைக்கிள் சட்டத்தில் (ஃபிரேமில்) இடமிருக்கிறதா என்று பாருங்கள். மட்கார்டு பொருத்தத் துளைகளும் இருக்க வேண்டும். நவம்பரில் பள்ளிக்கரணைப் பக்கம் போனால் அதன் அருமை முதுகுச் சட்டைக்குத் தெரியும்.

இன்னொன்று, யாரும் சொல்ல மாட்டார்கள்: இவ்வகை டியூப்களில் பெரும்பாலும் பிரெஸ்டா வால்வுதான், அதாவது நுனியில் சிறு திருகு உள்ள மெல்லிய காற்று வால்வு. தெருமுனைக் கடையில் காற்று ஏறாது. சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றைப் பையிலேயே வைத்திருங்கள்.

பூட்டு, விளக்கு, ஹெல்மெட்டுக்கென்று 4,000 ரூபாயை முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மீதிக்குப் பழைய சைக்கிள் வாங்குவதானால் அளவுகோல் கொண்டுபோங்கள். செயினில் 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். எட்டில் ஒரு அங்குலம் கூடியிருந்தால் பின் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

உங்கள் உயரத்தைச் சொல்லவில்லையே? அது தெரிந்தால் சட்டத்தின் அளவையும் சொல்லிவிடுவேன்.