மொட்டைமாடி அறைக்கு வாடகை தரலாமா?

கேள்வி: கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலை. மொட்டைமாடியில் ஷீட் போட்ட அறையில் குடும்பத்தோடு வாடகைக்கு இருக்கிறோம். அனுமதியில்லாமல் கட்டியது என்று பஞ்சாயத்திலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் மேல் கேஸ் வருமா? வாடகையை நிறுத்திவிடலாமா?
- வாசகர், பாலக்காடு மாவட்டம்

பதில்: கட்டினது வீட்டு ஓனர், பதில் சொல்ல வேண்டியதும் அவர்தான், அதனால் கேஸ் பயம் வேண்டாம். ஆனால் வாடகையை மட்டும் நிறுத்தாதீர்கள்! கேரளாவின் 1965 வாடகைச் சட்டத்தில் வாடகை பாக்கியே காலி செய்யச் சொல்ல ஒரு காரணம், அதை நீங்களாகக் கையில் கொடுப்பானேன்? கூகுள் பேயில் போடுங்கள், ரெக்கார்டு இருக்கும். அட்வான்ஸ் கொடுத்ததையும் எழுதி வாங்கிவிடுங்கள், நோட்டீஸ் வந்தபின் ஓனர்களுக்கு ஞாபகமறதி அதிகம்.

அப்புறம், வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கட்டட எண்ணோடு 'யுஏ' என்று இருந்தால் அது அனுமதியில்லாத கட்டடத்துக்குத் தரும் எண். வழக்கமான வரியோடு இன்னும் இரண்டு மடங்கு சேர்த்து வாங்குவார்கள், ஆனால் வரி கட்டிவிட்டதால் கட்டடம் முறையானதாக ஆகிவிடாது, இடிக்கச் சொல்லும் அதிகாரம் பஞ்சாயத்துக்கு அப்படியே இருக்கிறது. உங்கள் அறைக்குத் தனி எண்ணே இல்லையென்றால் இன்னும் மோசம்.

உங்களைக் கிளப்ப ஓனர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால், அந்த வாடகைச் சட்டம் அமலில் உள்ள பகுதியென்றால் அதன் 13-ஆம் பிரிவில் புகார் செய்யலாம். ஆனாலும் இடிக்க உத்தரவு வந்துவிட்டால் சட்டம் பேசி அங்கேயே உட்கார முடியாது, இப்போதே வேறு வீடு பார்க்கத் தொடங்குங்கள். அதுவரை சிலிண்டரை மாடிப்படியில் வைக்காதீர்கள், இறங்க இருக்கிற ஒரே வழி அதுதானே.