பூம்பாறையின் நிலஅமைப்பும் வரலாறும் என்ன?

கொடைக்கானலிலிருந்து மேற்கே மன்னவனூர் செல்லும் சாலையில், ஏறக்குறைய இருபது கிலோமீட்டரில் பூம்பாறை வருகிறது. பலர் சாலையோரம் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஊருக்குள் இறங்கிப் பாருங்கள்.

பள்ளத்தாக்கின் சரிவில் ஓட்டு வீடுகள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. சுற்றிலும் படிப்படியாக வெட்டிய வயல்கள். சமதளம் அரிது, மழையில் மண் அரிக்கும் என்பதால்தான் இந்த அமைப்பு. கேரட், உருளைக்கிழங்கு விளைந்தாலும் ஊரின் பெருமை பூண்டுதான். அறுவடைக்குப்பின் தாளோடு கட்டித் தொங்கவிட்டுப் புகை போடுவார்கள், மாதக்கணக்கில் கெடாது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உழைப்புக்கு உரிய, தாமதமாக வந்த மரியாதை அது.

குழந்தை வேலப்பர் கோயிலே ஊரின் இதயம். மூலவரான முருகனைச் சித்தர் போகர், ஒன்பது பாஷாணங்களின் கலவையான நவபாஷாணத்தில் செய்தார் என்பது மரபு. 15ஆம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியிருக்கிறார். கொடைக்கானலில் அமெரிக்க மிஷனரிகளும் ஆங்கிலேயரும் குடியேறத் தொடங்கியது 1845இல். மலையின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது எனக்கு ஏற்பில்லை. தேரோட்டத்தையும் தவறவிடாதீர்கள்: சரிவில் தேர் உருண்டுவிடாமல் முன்னும் பின்னும் வடம் பிடிப்பார்கள்.