மென்பொருள் லாபம் காட்டுகிறது, வங்கியில் பணத்தைக் காணோம்

கேள்வி: நானும் என் கணவரும் துணிப்பை தைத்து விற்கும் சிறு தொழில் நடத்துகிறோம். மூன்று ஆண்டுகளாக நோட்டு, எக்செல் ஷீட், போனில் எடுத்த பில் படங்கள் என்று கணக்கு சிதறிக் கிடந்தது. நான்கு மாதங்களுக்கு முன் ஒரு கணக்கு மென்பொருளுக்குச் சந்தா கட்டி, வங்கிக் கணக்கையும் அதோடு இணைத்தோம். இப்போது அது நல்ல லாபம் காட்டுகிறது. வங்கியிலோ மாதக் கடைசியில் பணமே இருப்பதில்லை. தவறு எங்கே? பழைய மூன்று ஆண்டுக் கணக்கையும் இதில் ஏற்ற வேண்டுமா? இந்த லாபத்தை வைத்து இன்னொரு தையல் இயந்திரம் வாங்கலாமா?

பதில்: மென்பொருள் கூட்டல் கழித்தலில் தப்பு செய்வது அபூர்வம். நாம் அதற்கு என்ன சொல்லிக் கொடுத்தோம் என்பதில்தான் கோளாறு இருக்கும். 'வங்கிக் கணக்கையும் இணைத்தோம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்கு வந்த முதல் சந்தேகம், ஒரே விற்பனை இரண்டு தடவை ஏறியிருக்கும் என்பது.

ஒரு வாடிக்கையாளருக்கு 10,000-க்கு பில் போடுகிறீர்கள். பில்லைச் சேமித்த அந்த நொடியே மென்பொருள் விற்பனையில் 10,000 எழுதிவிடும், அவர் பெயரில் 10,000 பாக்கி என்றும் எழுதிவிடும். பத்து நாள் கழித்து அவர் பணம் அனுப்புகிறார். வங்கியிலிருந்து அந்த வரவு தானாக வந்து நின்று, 'இது என்ன?' என்று கேட்கும். அந்த இடத்தில் அவசரத்தில் 'விற்பனை' என்று தட்டிவிட்டால் முடிந்தது கதை. விற்பனை 20,000 ஆகிவிடும். பணம் கொடுத்தவர் பெயரில் பாக்கியும் அப்படியே நிற்கும். செய்ய வேண்டியது, அந்த வரவை ஏற்கெனவே போட்ட பில்லோடு 'மேட்ச்' செய்வது. அப்போது பாக்கி தீரும், விற்பனை கூடாது.

உங்களுக்கு இதுதான் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது எளிது. வாடிக்கையாளர் பாக்கிப் பட்டியலைத் திறந்து பாருங்கள். எப்போதோ பணம் கொடுத்து முடித்தவர்களின் பெயர்கள் அங்கே வரிசையாக நின்றால், லாபத்தில் ஒரு பகுதி வெறும் காற்று. அந்த வரவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து பில்லோடு பொருத்துங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் நான்கு மாதத்தோடு கவனித்துவிட்டீர்கள், அதுவே நல்லது.

அடுத்து, வந்த பணமெல்லாம் வருமானம் இல்லை. மாதக் கடைசியில் துணிக்காரருக்குக் கொடுக்க உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து தொழில் கணக்கில் போட்டிருந்தால் அது நீங்கள் போட்ட முதல் (மூலதனம்). வங்கி கொடுத்த கடன், கடன்தான். இரண்டையும் வருமானத்தில் எழுதினால் லாபம் ஊதிக் காட்டும். வீட்டுக்கு எடுத்த பணம் செலவும் அல்ல, சம்பளமும் அல்ல, 'எடுப்பு' என்ற தலைப்பில் போக வேண்டும். தொழிலுக்கும் வீட்டுக்கும் ஒரே வங்கிக் கணக்கை வைத்திருந்தால், மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் அதைப் பிரியுங்கள். எந்த மென்பொருளாலும் உங்களுக்காக இதைப் பிரித்துக் கொடுக்க முடியாது.

கார்டு, ஆன்லைன் வழியாக வரும் பணத்தையும் ஒருமுறை பாருங்கள். வாடிக்கையாளர் 10,000 கட்டியிருப்பார், கட்டண நிறுவனம் தன் பங்கு 200 போக 9,800 அனுப்பியிருக்கும். பலர் 9,800-ஐயே விற்பனை என்று எழுதுகிறார்கள். விற்பனை 10,000, கட்டணச் செலவு 200. லாபம் மாறாது என்றாலும், மொத்த விற்பனை குறைந்து தெரியும். அப்புறம் வரிக்கணக்கு பார்க்கும்போது பில்லும் புத்தகமும் ஒத்துப்போகாது.

இவ்வளவையும் சரிசெய்த பிறகும் லாபமும் வங்கி இருப்பும் ஒன்றாக இருக்காது. அது தவறும் இல்லை. பில் போட்டு இன்னும் வராத பணம் லாபத்தில் இருக்கும், வங்கியில் இருக்காது. அலமாரியில் இருக்கும் துணி, கடனில் அசலாகக் கட்டிய பகுதி, வீட்டுக்கு எடுத்தது, வாங்கிப் போட்ட இயந்திரம் இவையெல்லாம் வங்கியிலிருந்து போய்விட்டன, ஆனால் லாபத்திலிருந்து அதே அளவு கழியாது. இயந்திரத்தின் விலை கூட தேய்மானமாக ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கழியும்.

பழைய கணக்குக்கு வருகிறேன். மூன்று ஆண்டு பில்களை உட்கார்ந்து ஏற்ற வேண்டாம். பாதியில் சோர்ந்து போய், புதுக் கணக்கையும் கைவிட்டுவிடுவீர்கள். அதற்குப் பதில் ஒரு தேதியைக் குறியுங்கள். நடப்புக் கணக்கு ஆண்டின் முதல் நாள் என்றால் உத்தமம். அந்த நாளில் வங்கியில் எவ்வளவு, கல்லாவில் எவ்வளவு, யார் யார் தர வேண்டும், யாருக்கு நாம் தர வேண்டும், துணியும் தைத்த பைகளும் எவ்வளவு மதிப்பு, இயந்திரங்கள், கடனில் மீதி அசல் இவற்றைத் தொடக்க இருப்பாக ஏற்றுங்கள். இருப்பதிலிருந்து கொடுக்க வேண்டியதைக் கழித்தால் மிஞ்சுவது உங்கள் முதல். கடந்த ஆண்டுக்கு வரிக்கணக்கு தாக்கல் செய்திருந்தால், அதிலுள்ள இறுதி இருப்புகளோடு இது ஒத்துப்போக வேண்டும். இந்தத் தொடக்க இருப்புகளைப் போடாமலே பலர் மென்பொருளை ஓட்டுகிறார்கள். வங்கி இருப்பே பொருந்தாமல் போவதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் இரண்டு இடத்தைத் தொடும் என்ற இரட்டைப் பதிவு முறையை வெனிஸ் வணிகர்கள் எப்போதோ கையாண்டார்கள். இத்தாலியக் கணித அறிஞர் லூக்கா பாசியோலி 1494-ல் அதை அச்சில் விளக்கினார். உங்கள் திரைக்குப் பின்னால் இன்றும் ஓடுவது அதே முறைதான். அதனால்தான் ஒரு பக்கம் தெரியாமல் போட்ட பதிவு இன்னொரு பக்கத்தையும் கெடுக்கிறது.

பழைய காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வழவழப்பான தெர்மல் தாளில் வரும் ரசீதுகள் சில மாதங்களில் வெளுத்துப் போகும். அவற்றை மட்டும் இப்போதே படமெடுத்து அந்தந்தப் பதிவோடு இணைத்துவிடுங்கள்.

கணக்குத் தலைப்புகளைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். நூலுக்கு ஒன்று, ஊசிக்கு ஒன்று, பித்தானுக்கு ஒன்று என்று திறந்தால் ஆண்டு முடிவில் ஒன்றையும் படிக்க முடியாது. இந்த அளவு தொழிலுக்கு இருபது தலைப்பு தாராளம். என்னவென்று தெரியாத வரவு செலவை 'இதர செலவுகள்' என்று மூட வேண்டாம், விவரம் தெரியும்வரை நிறுத்தி வைக்கும் அனாமத்துக் கணக்கில் போடுங்கள். மாத முடிவில் அது காலியாக இருக்க வேண்டும்.

மாத முடிவில் கட்டாயம் செய்ய வேண்டியது வங்கிச் சரிகட்டல். வங்கியின் பட்டியலையும் மென்பொருளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மென்பொருள் 84,250 என்கிறது, வங்கி 86,600 என்கிறது என்று வையுங்கள். வித்தியாசம் 2,350. தேடிப் பார்த்தால், தையல்காரருக்குக் கொடுத்த 2,500 காசோலையை அவர் இன்னும் வங்கியில் போடவில்லை. வங்கி பிடித்த கட்டணம் 150-ஐ நீங்கள் எழுதவில்லை. கட்டணத்தை எழுதினால் 84,100, அதோடு வெளியே நிற்கும் காசோலை 2,500, மொத்தம் 86,600. சரி, முடிந்தது.

வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 5,400-ஐ 4,500 என்று தட்டினால் வித்தியாசம் 900. அது ஒரு குறிப்புதான், தீர்ப்பு அல்ல. எதுவும் அகப்படாவிட்டால் 'சரிசெய்க' என்று ஒரு பொத்தான் ஆசை காட்டும். அதைத் தொடாதீர்கள். காரணம் தெரியாத தொகையை அது எங்கோ ஒரு மூலையில் புதைத்துவிடும், அடுத்த மாதம் இன்னொன்று சேரும். கணக்கு ஒத்துப்போனதும் அந்த மாதத்தைப் பூட்டி வையுங்கள். இருவரும் தனித்தனி கடவுச்சொல்லில் நுழைந்தால், யார் எதை மாற்றினார்கள் என்பதும் தெரியும்.

சந்தாவில் உயர்ந்த திட்டத்துக்கு மாறும் யோசனை இருந்தால் அதைத் தள்ளிப் போடுங்கள். அந்தப் பணத்தில் ஒரு கணக்காளரை அரை நாள் பக்கத்தில் உட்கார வைத்து, தொடக்க இருப்புகளையும் தலைப்புகளையும் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

இயந்திரத்துக்கு இப்போதைக்கு என் பதில், வேண்டாம். திருத்திய கணக்கில் இரண்டு மாதம் ஓடட்டும். பிறகு லாபத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: 60 நாள் தாண்டிய பாக்கி எவ்வளவு, அடுத்த இரண்டு மாதத்துக்குக் கொடுக்க வேண்டியது எவ்வளவு, அதற்கும் வரிக்கும் ஒதுக்கிய பிறகு வங்கியில் மிஞ்சுவது எவ்வளவு. மிஞ்சுவது இயந்திரத்தின் விலையைத் தாண்டினால் தாராளமாக வாங்குங்கள். தாண்டாவிட்டால் முதலில் அந்தப் பழைய பாக்கிகளுக்குப் போன் போடுங்கள்.