பெட்ரோல், பெயின்ட் கரைக்கும் தின்னர், டீசல் மூன்றையும் பட்டறையில் ஒரே மூலையில் வைக்கலாமா?

கூடாது. எரிவது திரவமல்ல, அதிலிருந்து எழும் ஆவிதான். தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலையைத் தீப்பற்று நிலை என்பார்கள். நம் பெட்ரோலியச் சட்ட விதிப்படி, அது 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஏ வகுப்பு. பெட்ரோல் அதில் வரும். டீசலும் மண்ணெண்ணெயும் பி வகுப்பு, 23 முதல் 65க்குள். பெட்ரோலின் தீப்பற்று நிலை பூஜ்யத்துக்கும் கீழே, சுமார் மைனஸ் 40. அதனால் சாரல் அடிக்கும் செங்கோட்டைக் குளிரிலும் ஆவி எழுந்துகொண்டே இருக்கும்.

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. தரையில் கொட்டிய தண்ணீர் பள்ளம் தேடிப் போவதுபோல, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கும் சர்வீஸ் குழிக்குள் இறங்கித் தேங்கும். புளியரை வழியாகக் கேரளா போகும் லாரிகளைப் பார்க்கும் பட்டறைகளில் குழி இல்லாத இடமேது? பத்தடி தள்ளி வெல்டிங் பொறி விழுந்தாலும் தீ ஓடி வரும். எனவே குழிக்கும் வெல்டிங்குக்கும் தள்ளி, தரைமட்டத்தில் காற்றோட்டமுள்ள தனி அறையில், இறுக மூடிய உலோக கேன்களில் வையுங்கள். அப்புறம், தின்னர் துடைத்த துணிக்கு மூடியுள்ள இரும்பு டப்பா கட்டாயம்.

காலி டின்னில் ஆபத்தில்லை என்று பலர் நினைக்கிறார்கள். திரவம் தீர்ந்தாலும் உள்ளே ஆவியும் காற்றும் கலந்து நிற்பதால் அதை வெட்டவோ வெல்டிங் வைக்கவோ போனால் வெடிக்கும்.