கொட்டகைக் கோழிக்கு எத்தனை மணி நேரம் வெளிச்சம்?

கேள்வி: பழைய மாட்டுக் கொட்டகையைச் சுற்றி அடைத்து 30 முட்டைக் கோழி வளர்க்கிறேன். வயது பத்து மாதம். ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான். தினமும் 24 முட்டை கிடைத்தது, இந்த மார்கழியில் 15-க்கு வந்துவிட்டது. இரவு முழுக்க 60 வாட் குண்டு பல்பு போட்டால் சரியாகுமா? அதே கொட்டகையில் மூன்று மாதக் குஞ்சுகள் பத்தும் இருக்கின்றன.

பதில்: குறை வெளிச்சத்தில்தான் இருக்கும் போலத் தெரிகிறது. ஆனால் இரவு முழுக்க பல்பு வேண்டாம்.

முட்டையிடும் கோழிக்கு ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தேவை. வெளிச்சம் கண் வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள்ளும் போய், சினைப்பையை இயக்கும் ஹார்மோன்களைத் தூண்டுகிறது. நம் ஊரில் ஜூனிலேயே பகல் பதின்மூன்று மணி நேரத்தை எட்டுவதில்லை, டிசம்பரில் பதினொன்றரைதான். அதுவும் வெட்டவெளிக் கணக்கு. ஒற்றை ஜன்னல் கொட்டகைக்குள் காலை எட்டு மணிக்குத்தான் விடியும், சாயங்காலம் ஐந்துக்கே இருட்டிவிடும். வெளியே வெயில் அடிப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே போய், தீவனத்தொட்டி உயரத்தில் தினசரித் தாளைப் பிடித்துப் பாருங்கள். சிரமமில்லாமல் படிக்க முடிந்தால் அந்த நேரம் கணக்கில் சேரும். முடியாவிட்டால் பகலிலும் பல்பு எரியத்தான் வேண்டும்.

அதற்கு 60 வாட் தேவையில்லை. பத்துக்குப் பத்தடி இடத்துக்கு, ஏழடி உயரத்தில், மஞ்சள் வெளிச்சம் தரும் 5 அல்லது 7 வாட் எல்இடி ஒன்று போதும். குண்டு பல்பு சூடாகும், கரண்டையும் தின்னும். கீழே கூளம் இருப்பதால் தீப்பிடிக்கும் பயமும் உண்டு. வெளிச்சம் கண்ணைக் கூசும்படி இருந்தால் கோழிகள் ஒன்றையொன்று கொத்த ஆரம்பித்துவிடும். வாரம் ஒருமுறை பல்பில் படியும் தூசியைத் துடையுங்கள்.

கூடுதல் நேரத்தைச் சாயங்காலத்தில் சேர்க்காமல் விடியற்காலையில் சேர்ப்பது நல்லது. ராத்திரி பல்பைத் திடீரென்று அணைத்தால் கோழிகள் உட்காரும் கம்புக்கு வழி தெரியாமல் தரையிலேயே தங்கிவிடும். மாலையில் தானாக இருட்டினால் அந்தப் பிரச்சினை இல்லை. உங்கள் கொட்டகையில் ஐந்துக்கே இருட்டுகிறது என்றால், ஜன்னலைக் கொஞ்சம் பெரிதாக்கினாலே சாயங்காலம் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஒரேயடியாக நான்கு மணி நேரம் கூட்டாமல், வாரத்துக்கு அரை மணி நேரமாக முன்னால் தள்ளி, விடியற்காலை மூன்று மணி வரை கொண்டுபோங்கள். (சேவல் வைத்திருந்தால் பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்!)

பல்பைவிட முக்கியம் ஒழுங்கு. ஒருநாள் மூன்று மணி, மறுநாள் ஐந்து மணி என்று மாற்றாதீர்கள். முட்டையிடும் கோழிக்கு வெளிச்ச நேரம் குறைந்தால் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்திவிடும் வாய்ப்பு உண்டு. கையால் சுவிட்ச் போடுவதை நம்பாமல் ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். கரண்ட் போனாலும் நேரம் மாறாதபடி உள்ளே பேட்டரி உள்ளதாகப் பாருங்கள். பதினாறு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கொடுப்பதால் முட்டை அதிகமாகிவிடாது. தூங்குவதற்கு இருட்டு வேண்டும்.

குஞ்சுகளை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். வளரும் பருவத்தில் வெளிச்ச நேரம் கூடினால் உடம்பு தேறும் முன்பே பருவத்துக்கு வந்துவிடும். முட்டை சிறுத்துப் போகும், இடும்போது முட்டைக்குழல் வெளியே பிதுங்கவும் செய்யும். சுமார் 18 வாரம் ஆகி, எடையும் சரியாக இருந்தால் அப்புறம் வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளலாம்.

மஞ்சள் கரு முழுசாகத் திரளவே பத்து நாள் பிடிக்கும். அதனால் பல்பு போட்ட மறுநாளே முட்டையை எண்ணாதீர்கள், மூன்று வாரம் பொறுங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் பேன், குடற்புழு, தண்ணீர், தீவனத்தின் தரம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இரண்டு கோழியைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.