பழமையான கட்டடம் என்பதற்காகக் கூடுதல் வாடகை வாங்கலாமா?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்து பாரிஸில் முதுநிலை படிக்கும் மாணவி நான். 2025 அக்டோபர் 6 அன்று, மரே பகுதியில் உள்ள 17-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் ஒன்றின் கூரையடித் தளத்தில், அறைகலன்களுடன் கூடிய ஸ்டுடியோ ஒன்றுக்கு ஒப்பந்தம் கையெழுத்திட்டேன். பரப்பு 10.5 சதுர மீட்டர் என்று எழுதியிருக்கிறது. அடிப்படை வாடகை 400 யூரோ. ‘வரலாற்றுச் சிறப்பு, பழைய மர உத்தரங்கள்’ என்று சொல்லி மேலும் 260 யூரோ வாங்குகிறார்கள். கழிப்பறை வெளியே, படிக்கட்டு முகப்பில் இருக்கிறது. எரிசக்தித் தரச் சான்றில் ‘ஜி’, அதாவது மிகக் கடைசி வகுப்பு. ஜன்னல் இடுக்குகளில் காற்று புகுகிறது. பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் ஜன்னலைத் தொடவே முடியாது என்கிறார் உரிமையாளர். நான் என்ன செய்யலாம்?

பதில்: காலக்கெடு ஓடிக்கொண்டிருப்பதால் அந்த 260 யூரோவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பாரிஸில் 2019 ஜூலை 1 முதல் வாடகைக் கட்டுப்பாடு நடைமுறையில் உள்ளது. பகுதிக்கும் வீட்டு வகைக்கும் ஏற்ப அரசு நிர்ணயிக்கும் ‘குறிப்பு வாடகை’க்கு மேல் 20 சதவீதம் வரைதான் அடிப்படை வாடகை இருக்கலாம். அதையும் தாண்டிக் ‘கூடுதல் வாடகை’ வாங்க வேண்டுமானால், அக்கம்பக்கத்து வீடுகளுக்கு இல்லாத தனிச்சிறப்பு ஒன்று இந்த வீட்டின் இருப்பிடத்திலோ வசதியிலோ இருப்பதாக உரிமையாளர்தான் மெய்ப்பிக்க வேண்டும். பழமை அத்தகைய சிறப்பாகுமா என்பது என் ஐயம். ஏனெனில் குறிப்பு வாடகை கட்டடம் எழுப்பப்பட்ட காலத்தைப் பொறுத்தே வகுக்கப்படுகிறது, 1946-க்கு முற்பட்டவற்றுக்குத் தனிப் பிரிவே உண்டு. மரே முழுவதும் பழைய கட்டடங்களாக இருக்கையில் உங்கள் உத்தரங்களுக்கு மட்டும் என்ன தனிப்பெருமை?

ஆனால் அந்த வாதத்துக்குள் போகவேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை. 2022 ஆகஸ்ட் 16-ஆம் நாளைய சட்டம், கழிப்பறை படிக்கட்டு முகப்பில் இருந்தாலோ, எரிசக்தித் தரம் ‘எஃப்’ அல்லது ‘ஜி’ ஆக இருந்தாலோ, ஜன்னல்கள் வழியே அளவுக்கு மீறிக் காற்று புகுந்தாலோ கூடுதல் வாடகை அறவே கூடாது என்கிறது. ஒன்றே போதும், உங்களிடம் மூன்றும் இருக்கின்றன. கையெழுத்திட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், அதாவது 2026 ஜனவரி 6-க்கு முன், மாவட்டச் சமரச ஆணையத்திடம் மனு செய்யுங்கள். அங்கே உடன்பாடு எட்டாவிட்டால், ஆணையத்தின் கருத்து கைக்கு வந்ததிலிருந்து மேலும் மூன்று மாதத்துக்குள் நீதிபதியை அணுகலாம். இவ்வகை வழக்குக்கு வழக்கறிஞர் கட்டாயமில்லை என்பதை, என் தொழிலுக்கு நட்டமானாலும், சொல்லிவிடுகிறேன்.

அடுத்து, அறையை நீங்களே அளந்து பாருங்கள். கூரையடி அறைகளில் தரையின் பரப்பு ஒன்று, சட்டம் ஏற்கும் பரப்பு வேறொன்று: உயரம் 1.80 மீட்டருக்குக் குறைவான சாய்வுப் பகுதி வசிப்பிடப் பரப்பில் சேராது. முதன்மை அறை 2.20 மீட்டர் உயரத்துடன் 9 சதுர மீட்டராவது இருக்க வேண்டும், அல்லது வசிப்பிடக் கன அளவு 20 கன மீட்டரை எட்ட வேண்டும் என்பது 2002 ஜனவரி 30-ஆம் நாளைய ஆணையின் விதி. இரண்டும் தேறாவிட்டால் அது வாடகைக்கு விடத் தகுந்த வீடே அல்ல. வெளிக் கழிப்பறையைப் பொறுத்தவரை, ஓரறை வீட்டுக்கு அது அதே கட்டடத்தில் எளிதில் சென்றடையும்படி இருந்தால் அந்த ஆணை அனுமதிக்கிறது. ஆகவே அதை வாடகைக்கு எதிரான வாதமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வீட்டின் தகுதிக்கு எதிராக வைக்காதீர்கள்.

‘ஜி’ வகுப்பு வீடோ, 2025 ஜனவரி 1-க்குப் பின் செய்துகொண்ட ஒப்பந்தங்களுக்கு அந்த ஒரு காரணத்தாலேயே தகுதியற்றதாகிறது. உரிமையாளரின் ‘தொட முடியாது’ என்ற பதில் பாதி உண்மை. மரே போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதியில் வெளித்தோற்றத்தை மாற்ற அனுமதி பெற வேண்டும் என்பது சரி. அனுமதி வேண்டும் என்பதும் அனுமதியே கிடைக்காது என்பதும் ஒன்றல்ல. பாரம்பரியக் கட்டுப்பாடுகளுக்கு இசைவான வேலைகளைச் செய்தும் தேவையான எரிசக்தித் தரத்தை எட்ட முடியாதபோதுதான் அந்த வேலைகளுக்கு நீதிபதி உத்தரவிட இயலாது. எனவே எந்த வேலைக்கு, எப்போது அனுமதி கோரினார், என்ன பதில் வந்தது என்று பெறுகை ஒப்புதலுடன் கூடிய பதிவுத் தபாலில் கேளுங்கள். உள்பக்கம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் பொருத்தலாமா என்றும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

இவ்வளவு நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், வாடகையை நீங்களாகக் குறைத்தோ நிறுத்தியோ விடாதீர்கள். குறைக்கவும் நிறுத்திவைக்கவும் நீதிபதிக்கே அதிகாரம் உண்டு. பாக்கி விழுந்தால், வழக்குத் தொடுக்கும் வாய்ப்பு உரிமையாளரின் கைக்குப் போய்விடும். இதற்கிடையில் வேறு அறை கிடைத்தால், அறைகலன்களுடன் கூடிய வாடகை வீட்டை ஒரு மாத முன்னறிவிப்பில் விட்டுப் போகலாம். குடியேறும்போதும் வெளியேறும்போதும் எழுதப்படும் வீட்டு நிலை அறிக்கைகள் ஒத்திருந்தால் முன்பணத்தை ஒரு மாதத்துக்குள்ளும், வேறுபட்டால் இரண்டு மாதத்துக்குள்ளும் திருப்பித் தர வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் அடிப்படை மாத வாடகையில் 10 சதவீதம் கூடும். அதற்காகவேனும் புதிய முகவரியை அவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுச் செல்லுங்கள்.