டிசி வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்: வண்டிப்பெரியாறு அப்பா ஒருவருக்கு

அண்ணே, தேனியில் படிக்கிற மகள் ஹாஸ்டலைக் காலி பண்ணிவிட்டு ஊருக்கே வந்துவிடுகிறேன் என்கிறாள், ஏலக்காட்டு வேலைக்குப் போய் முதலில் கடனை அடைக்கலாம், படிப்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாள், என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். ஒன்று மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். டிசியை வாங்கிவிடாதீர்கள். இந்த செமஸ்டர் பரீட்சை முடியும்வரை அந்தப் பேச்சே வேண்டாம். மற்றது எதையும் பேசித் தீர்க்கலாம், ஆனால் டிசி வாங்கிக்கொண்டு மலையேறிய பிள்ளையைத் திரும்ப அதே வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைப்பது பெரும்பாடு.

நீங்கள் எழுதிய கணக்கைப் பார்த்தேன். இரண்டாம் தவணை 15,000, மெஸ் பாக்கி 7,000, ஆக 22,000 ரூபாய். மூன்று வருஷப் படிப்பு இந்த 22,000-க்காக நிற்கப் போகிறது. கேரளத்து எஸ்டேட் பக்கத்திலிருந்து தமிழ்நாட்டில் தேனிக்கும் கம்பத்துக்கும் படிக்கப் போகும் பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். சேரும் நாளில் நகையை அடகு வைத்தாவது கட்டிவிடுகிறோம். ‘வருஷத்துக்கு எவ்வளவு’ என்று கேட்கிறோமே தவிர ‘எந்த மாசம் எவ்வளவு’ என்று கேட்பதில்லை. ஜூனில் கட்டியது ஜூனோடு சரி. அப்புறம் பரீட்சை ஃபீஸ், இரண்டாம் தவணை, மாசாமாசம் மெஸ், குமுளி வழியாக வந்து போகிற பஸ் காசு. ஸ்காலர்ஷிப் வரும் என்று நம்பியிருப்போம், அது வருவது எல்லாக் கெடுவும் தாண்டிய பிறகுதான். இடையில் விழுகிற அந்தப் பள்ளத்தில்தான் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டுக்குத் தெரிவதில்லை. ஃபீஸ் பாக்கி என்றால் ஆபீஸிலிருந்து வகுப்புக்கே வந்து பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள், அந்த அவமானத்துக்குப் பயந்து பிள்ளை அன்றைக்கு வகுப்புக்குப் போகாது. மெஸ்ஸில் ஒரு வேளையைக் குறைக்கும். சனி ஞாயிறு எங்காவது ஜவுளிக்கடையில் நிற்கும், அது வெள்ளிக்கிழமையையும் சேர்த்து இழுக்கும். வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுதுவதே சிக்கல், எழுதினாலும் அரியர். கடைசியில் கல்லூரி ‘ரெகுலர் இல்லாத பொண்ணு’ என்று சொல்லும், வீட்டில் ‘படிப்பில் நாட்டம் போயிடுச்சு’ என்பார்கள். பிளஸ் டூவில் அவ்வளவு நல்ல மார்க் வாங்கிய பிள்ளைக்கு ஆறு மாசத்தில் நாட்டம் எங்கே போகும்? காசுதான் காரணம். தயவுசெய்து அவளைத் திட்டாதீர்கள்.

அடுத்து, எந்த அரசாங்கத்தின் கதவைத் தட்டுவது. எல்லையில் இருக்கிற நமக்கு மட்டும் உள்ள தலைவலி இது. கம்பத்துத் தோழிகளுக்கெல்லாம் மாசம் ஆயிரம் ரூபாய் வருகிறதே, நம் பிள்ளைக்கு ஏன் இல்லை என்று கேட்டிருந்தீர்கள். 2022-ல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டம் அது. ஆறாவதிலிருந்து பிளஸ் டூ வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும், பிறகு அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களையும் சேர்த்தார்கள். உங்கள் மகள் தமிழ் மீடியத்திலேயே படித்திருந்தாலும் பள்ளி கேரளத்தில் இருக்கிறது, அதனால் அது கிடையாது. அதற்காக அலைய வேண்டாம். எஸ்சி மாணவர்களுக்கு, பத்தாவதுக்கு மேல் படிப்பதற்கான போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்பைக் கொடுப்பது சொந்த மாநிலம். படிப்பது தேனியாக இருந்தாலும் கேரளத்தில்தான் கேட்க வேண்டும், வருமான வரம்பு 2.5 லட்சம்.

ஆனால் அதற்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும், உங்கள் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது. 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே இருந்ததற்கு ஆதாரம் கொண்டுவரச் சொல்கிறார்கள். எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டில் பிறந்து லயத்திலேயே செத்தவர்களுக்கு நிலப்பத்திரம் எங்கிருந்து வரும்? மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறித்த குடும்பத்திடம் ‘நீங்கள் எந்த ஊர்’ என்று கேட்பது அநியாயம், அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. கேரளம் தமிழ்நாட்டைக் கை காட்டும், தமிழ்நாடு கேரளத்தைக் கை காட்டும். எஸ்டேட் ஆபீஸின் பழைய வேலைப் பதிவேடு, உங்கள் தாத்தா பேர் இருக்கிற பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர், இப்படி எது கிடைத்தாலும் நகல் வாங்கிச் சேர்த்து வையுங்கள், யூனியன்காரர்களையும் கூட்டிப் போங்கள். ஆனால் இந்த வருஷ ஃபீஸை அதை நம்பி வைக்காதீர்கள். அது நீண்ட வேலை.

இப்போதே பார்க்க வேண்டியது, அக்ஷயா என்கிற இ-சேவை சென்டரில் போட்டீர்களே, மத்திய அரசின் நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல் விண்ணப்பம். பிளஸ் டூவில் தன் போர்டில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்தவர்களுக்கான ஸ்காலர்ஷிப் அது, வருமான வரம்பு 4.5 லட்சம், டிகிரி படிக்கும்போது வருஷத்துக்கு 12,000 ரூபாய். சாதிச் சான்றிதழ் இல்லாததால் இது நின்றுபோகாது. ‘போட்டாச்சு, இன்னும் வரல’ என்று எழுதியிருக்கிறீர்கள். ஸ்டேட்டஸ் பார்த்தீர்களா? விண்ணப்பத்தை முதலில் சரிபார்க்க வேண்டியது மகளின் கல்லூரி. அங்கே அதற்கென்று ஒரு நோடல் ஆபீசர் இருப்பார், அவர் தன் லாகினில் சரிபார்த்து அமுக்கவில்லை என்றால் அங்கேயே கிடக்கும். பேர் விஷயத்தையும் பாருங்கள். எஸ்எஸ்எல்சி புத்தகத்தில் பேருக்குப் பின்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பேர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் என்று நம் பிள்ளைகளுக்கு மூன்று இடத்தில் மூன்று பேர் இருக்கும். இதனால் திருத்தம் கேட்டுத் திருப்பியிருந்தால் அதற்கு ஒரு கடைசித் தேதி உண்டு, அதைத் தவறவிட்டால் அந்த வருஷம் போச்சு. வங்கிக் கணக்கில் ஆதார் சேர்ந்திருக்கிறதா என்றும் கிளையில் கேளுங்கள். அப்புறம், இது ஒருமுறை கிடைத்தால் தானாக ஓடாது, வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும், அதற்கு 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் வேண்டும். அவள் இப்போது வகுப்புக்குப் போகாமல் இருந்தால் அடுத்த வருஷக் காசையும் சேர்த்து இழக்கிறாள்.

இந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நீங்களே கல்லூரிக்குப் போங்கள். போனில் பேசினால் வேலைக்கு ஆகாது. முதலில் துறைத் தலைவரைப் பாருங்கள், அப்புறம் பிரின்சிபால். கையில் ஐயாயிரமாவது இருக்கட்டும், மீதியை எந்தத் தேதிகளில் எவ்வளவு கட்டுவீர்கள் என்று எழுதிக் கொடுத்து, ஹால் டிக்கெட்டை நிறுத்த வேண்டாம் என்று கேளுங்கள், கடிதத்தின் நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே நேரில் வந்து நிற்கும் அப்பாவுக்குப் பெரும்பாலும் அவகாசம் கொடுக்கிறார்கள், பரீட்சைக்கு முந்தின நாள் போனால்தான் முகத்தைக் காட்டுவார்கள். மூன்று வருஷ ஃபீஸும் கட்டினால்தான் சர்டிஃபிகேட் தருவோம் என்று ஆபீஸில் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2018-லேயே அறிவித்துவிட்டது. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இப்போது அதைச் சொல்லிச் சண்டை போட வேண்டாம், நமக்கு வேண்டியது அவகாசம்.

22,000-க்கு உங்களுக்கும் அண்ணிக்கும் பிஎஃப் இருக்கிறது. பிள்ளைகளின் மேற்படிப்புக்கு முன்பணம் எடுக்க அதில் விதி உண்டு, திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வயசான காலத்துப் பணம், மொத்தமாகத் தொடச் சொல்லமாட்டேன், இந்த அளவுக்கு எடுப்பதில் தப்பில்லை. வாரத் தவணைக் குழுக்கடன் மட்டும் வேண்டாம் அண்ணே. இந்த வாரத் தவணைக்கு அடுத்த கடன் என்று போகும், அப்புறம் அவளை வேலைக்குக் கூப்பிட வேண்டிய நிலைமை நிஜமாகவே வந்துவிடும். மிச்சம் இரண்டு வருஷத்துக்கு வங்கிக் கல்விக்கடன் கேளுங்கள். 4 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக் கூடாது, ஹாஸ்டல், மெஸ் செலவையும் சேர்க்கலாம், படிப்பு முடிந்து ஒரு வருஷம் வரை தவணை தொடங்காது. வட்டி மட்டும் ஏறிக்கொண்டிருக்கும், அதனால் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்.

மகளிடம் இன்று ராத்திரியே பேசுங்கள். கடன் உங்கள் பொறுப்பு, வகுப்புக்குப் போவது அவள் பொறுப்பு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஸ்காலர்ஷிப் ஸ்டேட்டஸ் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், சாதிச் சான்றிதழுக்காக வில்லேஜ் ஆபீஸில் கொடுத்த மலையாளப் பேப்பரையும் அனுப்புங்கள், படித்துப் பார்த்துவிட்டு என்ன கேட்கிறார்கள் என்று சொல்கிறேன்.